கடலில் குளித்த சோபா

நான்கு ஆண்பிள்ளைகள் ஒரு சோபாவைத் தோளில் தூக்கிக்கொண்டு காசிமேட்டுக் கடலில் இறங்கினார்கள். பட்டப்பகல். நெஞ்சளவு தண்ணீர் வந்ததும், முன்னால் போன என் தாய்மாமன் சவரி, "அமுக்கு! நல்லா அமுக்கு! மேல வராம புடி!" என்று கத்தினார்.

சிவப்பு வெல்வெட் சோபா அது. மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். எங்கள் குடும்பத்தில் ஒருத்தர்கூட அதில் சரியாக உட்காரும் முன்னே வங்காள விரிகுடா உட்கார்ந்துவிட்டது.

கரையில் என் நைனா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளுக்குக் கணக்கெழுதுகிற குமாஸ்தா அவர். கவலையாக இருந்தால் செருப்பைக் கழற்றிவிடுவார். "உங்க மாமன் சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்" என்றார் என்னிடம்.

"நாசமாப் போச்சு" என்றேன். ஒருத்தர் காதிலும் விழவில்லை. விழுந்திருந்தால் மட்டும் மதித்திருப்பார்களாக்கும்!

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். அவர்களை உட்கார வைப்பதற்காகத்தான் இந்தச் சோபா.

நிறமாம், பொருத்தமாம்!

வாரா வாரம் நான் எழுதிவருகிற இந்த நினைவுகளில் எங்கேயோ, நான் கல்யாணத்துக்கு முன் மண்ணடி நாற்காலிக் கடை ஒன்றுக்கு உறை தைத்துக் கொடுத்தேன் என்று எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு மாம்பலத்து வாசகி ஒருவர் இரண்டு பக்கம் கடிதம் எழுதியிருக்கிறார். நல்ல சோபாவை எப்படித் தேர்ந்தெடுப்பது? துணியின் நிறம் ஜன்னல் திரைக்குப் பொருந்த வேண்டுமா?

அம்மணி, நிறத்தைப் பார்த்துச் சோபா வாங்குவதும் டப்பாவைப் பார்த்து அல்வா வாங்குவதும் ஒன்றுதான். நிறம் கடைக்காரர் உங்களுக்காகப் பூசி வைத்தது. உள்ளே இருப்பது அவர் தனக்காக மிச்சம் பிடித்தது.

கடைக்குப் போனால் முதலில் சோபாவைக் கவிழ்த்துப் போடச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் கோணும். நன்றாகக் கோணட்டும். சட்டம் தேக்கா, அல்லது துறைமுகத்தில் உடைத்துப் போட்ட பெட்டிப் பலகையா என்று பாருங்கள். அடித்துணியை ஒரு கையகலம் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். ஸ்பிரிங்குகளை ஒன்றோடொன்று நாலு பக்கமும் சணல் கயிற்றால் கட்டியிருக்க வேண்டும். ஒன்று மட்டும் தனியாக ஆடினால் ஆறே மாதத்தில் உங்கள் வீட்டுக்காரர் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து பேப்பர் படிப்பார்.

உள்ளே திணித்திருப்பது குதிரை முடியா, தேங்காய் நாரா, வைக்கோலா என்று இழுத்துப் பாருங்கள். வைக்கோலைத் திணித்துவிட்டுச் சீமைப் பஞ்சு என்று சத்தியம் செய்கிறவர்களை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

வாங்கிய பிறகு? வாரம் ஒருமுறை மெத்தென்ற பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள். மெத்தைகளைக் காலை வெயிலில் காட்டுங்கள், உச்சி வெயிலில் வேண்டாம். தலையெண்ணெய் படுகிற இடத்தில் ஒரு துணி போடுங்கள். கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேரே போடாதீர்கள், உப்புக் காற்றுக்கு ஸ்பிரிங் என்றால் கொள்ளை ஆசை. தண்ணீர் மட்டும் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் தாளைப் பிரிக்காமலே பத்து வருஷம் அதன்மேல் வியர்த்து உட்கார்ந்திருக்கிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அவர்கள் தாளையே வாங்கியிருக்கலாம்.

இதெல்லாம் எனக்கு யாரும் பாடம் நடத்திச் சொன்னதல்ல. உறைக்கு அளவெடுக்க மண்ணடிக்குப் போகும்போது, குடல் வெளியே தள்ளிக் கிடக்கிற சோபாக்களைப் பார்த்துப் பார்த்து நானே தெரிந்துகொண்டது. ராயபுரத்தில் எங்கள் தெருவிலேயே சோபாவின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஜீவன் நான்தான். அதனால்தான் என்னை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முட்டி வலி

சம்பந்தம் கொண்டுவந்தது ஞானம் அக்கா. மாதா கோயில் வாசலில் மெழுகுவர்த்தி விற்பவள். பூசைக்கு வருகிற குடும்பங்களில் யாருக்குப் பெண் இருக்கிறது, யாருக்குப் பையன் இருக்கிறான் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் தூத்துக்குடியிலிருந்து வந்து ராயபுரத்தில் கப்பல் கயிறும் கித்தானும் விற்கிற கடை வைத்தவர்கள். நைனாவின் பூர்வீகமும் தூத்துக்குடிதான். ஆகவே எங்கள் ஆட்கள். மாப்பிள்ளை பெயர் சேவியர்.

"அந்தம்மாவுக்கு முட்டி வலி கீது. தரையில குந்தாது. ஒரு நாற்காலி கீற்காலி வாங்கிப் போட்டுரு நைனா" என்றாள் ஞானம் அக்கா.

நாற்காலி. அவள் சொன்னது அவ்வளவுதான். அடுத்த வீட்டில் நல்ல நாற்காலி இரண்டு இருந்தன. ஒரு மணி நேரத்துக்குக் கேட்டால் தந்திருப்பார்கள். ஆனால் நைனாவின் காதுக்குள் போன நாற்காலி, அவர் மூளைக்குப் போய்ச் சேர்வதற்குள் சோபாவாகிவிட்டது. எங்கள் வீட்டில் இருந்தது ஒரு பெஞ்சும் இரண்டு கயிற்றுக் கட்டிலும். கடைக்காரக் குடும்பம் வந்து பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தால்? அந்தப் பயத்திலேயே மனிதர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

எண்ணூரிலிருந்து ஊர்வலம்

வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. எண்ணூரில் ஒரு துரை பங்களாவைக் காலி செய்கிறார், சாமான்களை ஏலம் போடுகிறார்கள் என்று நைனாவுக்குச் சேதி வந்தது.

"நானும் வரேன் நைனா. உள்ள பாத்து வாங்கணும்" என்றேன்.

"ஏலத்துக்குப் பொம்பள வந்தா நல்லா இருக்காதும்மா. துரை வூட்டுச் சாமான்ல இன்னா குத்தம் இருக்கப் போவுது?"

துரை வீட்டுச் சாமானில் குற்றமே இருக்காதாம்! முந்நூறு வருஷம் இந்த ஊரை ஆண்டுவிட்டுப் போகிறவர் போகிறபோது நல்லதையா விட்டுவிட்டுப் போவார்? நல்லதெல்லாம் எப்போதோ கப்பலேறியிருக்கும்.

அன்று மாலை ஒரு மாட்டுவண்டி எங்கள் தெருவுக்குள் திரும்பியது. வண்டிமேல் சோபா. சோபாமேல் நைனா. எண்ணூரிலிருந்து திருவொற்றியூர் நெடுஞ்சாலை வழியாக, தொழிற்சாலை விட்டு வருகிற ஜனங்களெல்லாம் வேடிக்கை பார்க்க, ராயபுரம் வரைக்கும் அதில் உட்கார்ந்தபடியே வந்திருக்கிறார். குடையை வேறு விரித்துப் பிடித்திருந்தார். தெருவே சிரித்தது. எனக்கு மானம் போயிற்று. ஆனால் அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பிறகும் பார்க்கவில்லை.

நான் அடியில் படுத்துப் பார்த்தேன். சட்டம் நல்ல தேக்கு. ஸ்பிரிங் கட்டெல்லாம் உறுதி. குதிரை முடியும் நாரும் கலந்து திணித்திருந்தார்கள். உள்ளதைச் சொல்ல வேண்டும், பொருள் பரவாயில்லை.

மறுநாள் மத்தியானம் அம்மா அதன்மேல் உட்கார்ந்து பூண்டு உரித்தாள். கால் மணி நேரத்தில் "ஐயோ மாதாவே!" என்று துள்ளி எழுந்தாள். கழுத்து, முதுகு, தொடை எல்லாம் தடிப்பு.

மூட்டைப்பூச்சி. துரை விட்டுப்போன சைனியம்!

கடல் எதுக்கு கீது?

எங்கள் பக்கத்தில் மூட்டைப்பூச்சிக்கு ஒரே வைத்தியம்தான். கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போய்க் கடலில் அமுக்கி வைப்பார்கள். ஒரு மணி நேரம் ஊறினால் பூச்சி செத்து மிதக்கும். மணலில் காய வைத்துச் சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவந்து படுத்துக்கொள்வார்கள். கட்டிலுக்கு அது நல்ல வைத்தியம். நான் இல்லை என்று சொல்லவில்லை.

சவரி மாமாவுக்கு ஒரு கட்டுமரத்தில் பங்கு உண்டு. கடல் விஷயத்தில் அவர் பேச்சுக்கு வீட்டில் மறுபேச்சு கிடையாது. கடலுக்கு சம்பந்தமில்லாத விஷயத்திலும் கிடையாது.

"இதுக்கா இம்மாம் பேஜாரு? கடல் எதுக்கு கீது?" என்றார்.

"மாமா, கட்டில் வேற, இது வேற. உள்ள நாரு கீது, முடி கீது, இரும்பு ஸ்பிரிங் கீது. தண்ணி பூந்தா வெளிய வராது. அடித்துணியப் பிரிச்சி, மரச் சந்துல கிருஷ்ணாயில் தடவி, வெயில்ல வெச்சா ஒரு வாரத்துல பூச்சி போயிடும்."

"ஏ பொண்ணே, கப்பலு இன்னா மரத்துலயா செஞ்சி வெச்சிகீறான்? இரும்புதானே? வருசக்கணக்கா தண்ணியிலயே கீதே, துருப்புடிச்சி முழுகிப்பூடுச்சா?"

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அடடா, என்ன அறிவு! கப்பலுக்கு வருஷா வருஷம் துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கிறார்கள் என்பது துறைமுகத்திலேயே வேலை பார்க்கிற நைனாவுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் மச்சான் சொன்னால் அவருக்கு எல்லாம் மறந்துவிடும்.

இப்படித்தான் சோபா கடலுக்குப் போனது.

உறை

நான்கு நாள் மணலில் காய்ந்தது. ஒரு பக்கம் நெத்திலிக் கருவாடு, மறுபக்கம் சோபா. ஒரு நாய் அதில் குடியேறிவிட்டது. விரட்டப் போன அம்மாவைப் பார்த்து அது உறுமிற்று.

வியாழக்கிழமை தூக்கிவந்தார்கள். பூச்சி போயிருந்தது, ஒப்புக்கொள்கிறேன். கூடவே சிவப்பும் போயிருந்தது. வெல்வெட் முழுக்க வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்து, நெத்திலி வாசனையோடு நின்றது. நைனா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு செருப்பைக் கழற்றினார்.

"ரெஜி, ஒரு உறை தெச்சிப் போட்டுரும்மா. நீ தெச்சா மேல ஒண்ணும் தெரியாது" என்றார்.

அவர் வெளியே போனதும் நான் உட்காரும் இடத்துக்கும் சாயும் இடத்துக்கும் நடுவில் கையை நுழைத்துப் பார்த்தேன். முழங்கைவரை போயிற்று. உள்ளே சில்லென்று ஈரம். விரலை வெளியே எடுத்தால் நுனியில் காவி நிறம். உப்பு குடித்த நார் காயவே காயாது. கடற்காற்றில் இருக்கிற ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். மேலே எவ்வளவு காய்ந்தாலும் ஒருத்தர் உட்கார்ந்து அழுத்தினால் மேலே வந்துவிடும். இது எனக்கு நன்றாகத் தெரியும்.

அப்போது நான் சொல்லியிருக்கலாம். "நைனா, இது ஆவாது. பக்கத்து வூட்டு நாற்காலியக் கேளு" என்றால் முடிந்தது.

சொல்லவில்லை. ஏன் என்று இத்தனை வயதுக்குப் பிறகு மறைக்க என்ன இருக்கிறது? எனக்கு சேவியரைப் பிடித்திருந்தது. உறை தைக்கிற தடித்த நூலும் நாடாவும் அவர் கடையில்தான் வாங்குவேன். எத்தனை முழம் கேட்டாலும் ஒரு முழம் கூடவே விட்டு வெட்டுவார். விலையில் சேர்க்க மாட்டார், அதைப் பற்றிப் பேசவும் மாட்டார். அந்த ஒரு முழத்துக்காகவே வேண்டாத போதெல்லாம் நாடா வாங்கியிருக்கிறேன். அவர் அம்மா என் வீட்டுக்கு வந்து அடுத்த வீட்டு நாற்காலியில் உட்காருவது எனக்கும் பிடிக்கவில்லை. நைனாவைச் சொல்கிறேனே, நான் மட்டும் என்ன ஒழுங்கு?

இரண்டு சாக்கை நாலாக மடித்து இருக்கையின்மேல் பரப்பினேன், ஈரத்தைக் குடிக்கட்டும் என்று. எண்ணெய்த்துணி போட்டிருந்தால் ஒரு சொட்டுக்கூட மேலே வந்திராது. உட்கார்ந்தால் சரசரவென்று சத்தம் போடும், அசிங்கம் என்று அதை விட்டுவிட்டேன். மேலே வெள்ளைக் காடாத்துணியில் உறை. ஓரமெல்லாம் இரட்டைத் தையல், முன்பக்கம் மடிப்பு வைத்த தொங்கல். என் ஆயுசில் அவ்வளவு அழகாக இன்னொரு உறை நான் தைத்ததில்லை.

சித்திரை மழை

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தார்கள். சேவியரின் அம்மா நல்ல கனமான சரீரம். சந்தன நிறப் பட்டு. உட்கார்ந்தவர் முதலில் பார்த்தது என்னையல்ல, தொங்கலை. கித்தான் கடைக்காரி அல்லவா. ஓரத்தை விரலால் தடவினார்.

"தையல் லெச்சணமா இருக்கே, யாரு தச்சது?"

"எம் பொண்ணுதாங்க!" என்று நைனா நின்ற இடத்திலேயே ஒரு சாண் உயர்ந்தார். நானும்தான்.

சேவியர் அதே சோபாவின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்தார். கடலை மிட்டாய் வந்தது, காப்பி வந்தது, பேச்சு வந்தது. மூட்டு வலிக்குத் தைலம் எது நல்லது என்று என் அம்மாவும் சேவியரின் அம்மாவும் ஒட்டிக்கொண்டுவிட்டார்கள். நடுவில் சேவியர் ஒருமுறை லேசாக அசைந்தார். அசைந்து, தனக்குப் பக்கத்தில் கையை ஊன்றி, கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அப்புறம் அசையாமல் உட்கார்ந்துகொண்டார்.

அரை மணி நேரம் கழித்து அவர் அம்மா எழுந்தார். சந்தனப் பட்டின் பின்பக்கம், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குத் துருக்கறை.

அவர் பின்னால் தொட்டுப் பார்த்தார்.

"ஒண்ணியும் இல்லம்மா" என்று சவரி மாமா பாய்ந்து வந்தார். "மயை பெஞ்சி கூரை ஒயுவிச்சி. அதான்."

"சித்திரையிலயா உங்க தெருவுல மழை பெய்யுது?" என்றார் அந்த அம்மா.

திரும்பி, உறையின் ஓரத்தைத் தூக்கினார். மடித்துப் போட்டிருந்த சாக்கைப் பார்த்தார். கட்டை விரலால் ஒருமுறை அழுத்தினார். பிறகு உறையைப் பழையபடி இழுத்து விட்டுவிட்டு, "வாரோம்" என்று ஒரே வார்த்தை சொல்லிப் புறப்பட்டார். சேவியர் கடைசியில் எழுந்து, மடித்து வைத்திருந்த கோட்டைப் பின்பக்கம் பிடித்தபடி எங்களுக்கு முதுகைக் காட்டாமலே வாசலைத் தாண்டினார். அந்த நிலையிலும் எங்கள் மானத்தைக் காப்பாற்றப் பார்த்த ஒரே ஆள் அவர்தான்.

குழாயடியில்

பத்து நாள் கழித்து ஞானம் அக்கா வந்தாள். நைனாவிடம், "அவங்களுக்குச் சரிப்படலியாம்" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் பிடிக்கப் போன என் பின்னாலேயே குழாயடிக்கு வந்தாள்.

"உங்கிட்ட சொல்லாம இருக்க முடியல ரெஜி. சோபா ஈரமா இருந்ததுக்கு அவங்க கோச்சிக்கல. அந்தப் பையன், கடலோரத்து வூடு, ஈரம் இல்லாம இன்னாம்மான்னு கேட்டானாம். உங்கப்பாவையும் நல்ல மனுசன்னுதான் சொல்லிச்சி அந்தம்மா."

"அப்புறம் இன்னா?"

"ஈரம்னு தெரிஞ்சிதானே சாக்க மடிச்சி வெச்சி, அதுக்கு மேல அவ்வளவு அழகா உறை தெச்சிகீது. தெச்சது அந்தப் பொண்ணுன்னு அவங்கப்பாவே சொன்னாரு. பொய்ய இவ்வளவு நேர்த்தியா தெக்கிற கை நம்ம வூட்டுக்கு வாணாம். இப்டி சொல்லிச்சி."

குடம் நிரம்பி வழிந்தது. "எங்க நைனாகிட்ட இத சொல்லாதக்கா" என்றேன். அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

எனக்குக் கல்யாணம் நான்கு வருஷம் கழித்து நடந்தது. நல்ல மனிதர், வீட்டில் பெஞ்சுதான். அந்தச் சோபாவை சவரி மாமா தன் வலைகளைப் போட்டுவைக்க எடுத்துக்கொண்டு போனார். நாடா வாங்க அதன் பிறகு நான் அந்தக் கடைப் பக்கம் போகவில்லை.

நைனா மட்டும் விடவில்லை. பேரன் பேத்தி எடுத்த பிறகும், நல்ல நாள் கெட்ட நாள் பார்க்காமல், "நான் அந்தப் பாழாப்போன சோபாவ வாங்காம இருந்திருந்தா, நீ எங்கியோ இருந்திருப்ப" என்று ஆரம்பித்துவிடுவார். நான் பெரிய மனசு பண்ணி, "வுடு நைனா, போனது போவட்டும்" என்பேன். அம்மாவும் அண்டை அசலும், "பாரு, பொண்ணுக்கு எவ்ளோ பொறுமை" என்பார்கள். அதையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கட்டிலுக்கடியில் அவர் செருப்பு இருந்தது. பேச்சு குழறத் தொடங்கியிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரெஜி, அந்த சோபா... எம்மேல கோவம் இல்லியேம்மா?" என்றார்.

அவர் பிடித்திருந்தது என் வலது கை. சோபாவுக்குள் முழங்கைவரை விட்டு ஈரத்தைப் பார்த்த அதே கை.

"இல்ல நைனா" என்றேன். "உன்ன நான் எப்பவோ மன்னிச்சிட்டேன்."